எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட்: வாங்கலாமா, வேண்டாமா?

கோவையில் எந்தப் பக்கம் போனாலும் 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்'னு ஒரு போர்டு கண்ணில் படும். உள்ளே ஷோரூம் விலையில் கால்வாசிக்கு டி-ஷர்ட் குவிந்து கிடக்கும். போன மாதம் நானும் ஒரு கடையில் மூணு எடுத்தேன். ரெண்டு சூப்பர். மூணாவது, ஒரே வாஷில் பக்கவாட்டுத் தையல் சுற்றிக்கொண்டு தொப்புள் பக்கம் வந்துடுச்சு. மாற்றக் கேட்டால், "சர்ப்ளஸ் சரக்குங்க, ரிட்டர்ன் கிடையாது" என்றார் கடைக்காரர்.

அப்போ சர்ப்ளஸ் என்றாலே ஏமாற்றா? இல்லை. ஆனால் அந்த ஒரே வார்த்தைக்குள் மூணு விதமான சரக்கு ஒளிஞ்சிருக்கு.

உண்மையான சர்ப்ளஸ் எப்படி வருது?

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு 5,000 பீஸ் ஆர்டர் வருதுன்னு வச்சுக்குவோம். சரியாக 5,000 மட்டும் வெட்ட மாட்டார்கள். சாயத்தில், பிரிண்டிங்கில், தையலில் கொஞ்சம் வீணாகும் என்பதால் கூடுதலாகவே கட்டிங் போடுவார்கள். வீணாகாமல் மிஞ்சியது, அனுப்பத் தாமதமானதால் பையர் வேண்டாம் என்றது, பாதியில் கேன்சலான ஆர்டர்... இதெல்லாம் உண்மையான சர்ப்ளஸ். தரத்தில் குறையே இருக்காது.

ரெண்டாவது 'செகண்ட்ஸ்'. செக்கிங்கில் தள்ளப்பட்ட பீஸ்கள். கலர் லேசாக மாறியிருக்கலாம், சின்ன ஓட்டை இருக்கலாம், அளவு தப்பியிருக்கலாம். மூணாவது, ஏற்றுமதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத சரக்கு. மலிவான துணியில் தைத்து, பெரிய பிராண்டு லேபிளை ஒட்டி விற்பது. இது சர்ப்ளஸ் இல்லை, டூப்ளிகேட். பொய்யான பிராண்டு முத்திரை போட்டு விற்பது 1999-ம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டப்படி சிறைத் தண்டனை வரைக்கும் போகக்கூடிய குற்றம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

லேபிளைப் பாருங்க. மிஞ்சிய சரக்கை உள்ளூரில் விற்கும்போது லேபிளை வெட்டியோ, கோடு போட்டு அடித்தோ கொடுக்கணும் என்று பல பையர்கள் நிபந்தனை போடுவார்கள். அதனால் வெட்டுப்பட்ட லேபிளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பளபளன்னு புது லேபிள், எல்லா சைஸும், எல்லா கலரும் கேட்ட உடனே கிடைக்குதா? அங்கேதான் சந்தேகப்படணும். மிஞ்சியது என்றால் அளவும் கலரும் அரைகுறையாகத்தானே இருக்கும்!

அமெரிக்காவுக்குப் போகும் துணிகளின் உள் லேபிளில் பெரும்பாலும் 'ஆர்.என்' என்று ஓர் எண் இருக்கும். அது எந்த நிறுவனத்துடையது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். எண்ணைக் காப்பி அடிக்கவும் முடியும் என்பதால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

அடுத்து துணி. டி-ஷர்ட்டை நீளவாக்கில் மடிச்சுப் பாருங்க. ரெண்டு பக்கத் தையலும் ஒன்றன்மேல் ஒன்று நேராக உட்காரணும். வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பாருங்க. ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் ஒட்டுதான்னு பாருங்க. மொத்தமே ரெண்டு நிமிஷ வேலை.

குழந்தை உடையில் கூடுதல் கவனம்

பெரியவங்க டி-ஷர்ட்டில் கலர் மாறியிருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. கைக்குழந்தை உடையில் பிரஸ் பட்டன் தளர்ந்திருந்தால் அது தொண்டையில் சிக்கும் ஆபத்து. உடைந்த ஊசித்துண்டு துணிக்குள் தங்கிவிடக் கூடாது என்றுதான் ஏற்றுமதி கம்பெனிகளில் மெட்டல் டிடெக்டர் வைத்துச் சோதிக்கிறார்கள். செக்கிங்கில் ஏன் தள்ளினாங்க என்று கடைக்காரரால் சொல்ல முடியவில்லை என்றால், குழந்தைக்கு அந்த உடை வேண்டாம்.

'நோ ரிட்டர்ன்' போர்டு செல்லுமா?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். 'செகண்ட்ஸ்' என்று குறையைச் சொல்லி, விலையைக் குறைத்துக் கொடுத்தால் அது வேற கதை. சொல்லாமல் விற்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு. எனக்கு அந்த வழியும் இல்லை. பில் வாங்காதது என் தப்பு.

அப்போ வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம் என்பேன். இதில் பர்ஸைத் தாண்டியும் ஒரு விஷயம் இருக்கு. சாயக்கழிவு நொய்யலைப் பாழாக்கியதால் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடவே உத்தரவிட்டது. அவ்வளவு விலை கொடுத்த மண்ணில், ஏற்கெனவே சாயம் ஏறித் தைத்து முடித்த துணி குடோனில் மக்குவதைவிட நம்ம உடம்பில் இருப்பது நல்லது. ஆனால் சர்ப்ளஸ் என்ற பெயரில் விற்கவே புதுசாகத் தைத்த டூப்ளிகேட்டுக்கு இந்த நியாயம் பொருந்தாது.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் ஆடிப்போனது. வெளிநாட்டு ஆர்டர் ஆட்டம் காணும்போது கைகொடுக்கக்கூடியது உள்ளூர் வாடிக்கையாளர்தான். சர்ப்ளஸ், செகண்ட்ஸ், லோக்கல் என்று மூணு ரேக்காகப் பிரித்து எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? செகண்ட்ஸ் என்று தெரிந்தே வாங்க ஆள் இருக்கு. ஒருமுறை ஏமாந்தவர் திருப்பூர் சரக்கே இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அதுவரை நாமதான் உஷாராக இருக்கணும். அடுத்த முறை காதர்பேட்டைக்குப் போனால் லேபிளைப் பாருங்க, தையலை மடிச்சுப் பாருங்க. முக்கியமாக, பில்லைக் கேட்டு வாங்குங்க.