எந்தத் தோட்டா சிறந்தது?

வேட்டைக் கதைகள் படிக்கப்படும் வீடுகளில் சிறுவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கதை எழுதிய ஷிகாரிகளில் ஒருவர் 275 நம்பர் ரைபிள் என்கிறார். ஒருவர் 405 என்கிறார். வேறொருவர் 470 என்கிறார். இவற்றுள் எது உயர்ந்தது? எண் பெரிதானால் துப்பாக்கியும் பெரிது என்று சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். மற்றப் பாதியில் கொஞ்சம் பௌதிக சாஸ்திரமும், கொஞ்சம் காட்டு அநுபவமும், நம் தேச சரித்திரத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியும் அடங்கியிருக்கின்றன.

முதலில் எண்ணைப் பார்ப்போம். ஓர் அங்குலத்தை ஆயிரம் பாகமாக்கினால் அதில் எத்தனை பாகம் குழலின் உள்விட்டம் என்பதையே இவ்வெண் ஏறத்தாழக் குறிக்கும். 275 என்றால் கால் அங்குலத்துக்குச் சற்று மேல். 470 என்றால் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கீழ். 450/400 என்று இரண்டு எண்ணாக வந்தால் நேயர்கள் மலைக்க வேண்டியதில்லை. 450 நம்பர் தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கழுத்தில் சுருக்கி, அதில் 400 நம்பர் குண்டைப் பொருத்தியிருக்கிறார்கள் என்பது பொருள். தோட்டா வேறு, குண்டு வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கூடு, மருந்து, கேப்பு, குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. அதில் குழலை விட்டுப் பறந்து செல்வது குண்டு மாத்திரமே.

குண்டின் எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வது வழக்கம். நம் பாட்டனார் காலத்து வெள்ளி ரூபாயின் எடை, அதாவது ஒரு தோலா, சரியாக 180 கிரெயின். இதை வைத்துக்கொண்டால் கணக்கு வீட்டுக் கணக்காகிவிடும். 275 நம்பருக்குரிய இலேசான குண்டு 140 கிரெயின். ஒரு ரூபாய் எடைகூட இல்லை. 405 நம்பர் குண்டு 300 கிரெயின். 470 நம்பர் குண்டு 500 கிரெயின். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ரூபாய் எடை. யானை வேட்டைக்கென்றே செய்யப்பட்ட 600 நம்பர் குண்டு 900 கிரெயின், அதாவது ஐந்து வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒன்றாக வார்த்த எடை.

ஆனால் எடை ஒன்றே வலுவைத் தீர்மானிப்பதில்லை. 140 கிரெயின் குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 2,700 அடி வேகத்தில் புறப்படுகிறது. 500 கிரெயின் குண்டின் வேகம் 2,150 அடி. மோதும் சக்தியைக் கணக்கிடும்போது எடையை ஒரு தடவையும் வேகத்தை இரண்டு தடவையும் பெருக்க வேண்டும். அவ்விதம் பார்த்தால் சின்னக் குண்டுக்குச் சுமார் 2,300 அடி-ராத்தலும், பெரிய குண்டுக்குச் சுமார் 5,100 அடி-ராத்தலும் வருகின்றன. எடை மூன்றரை மடங்கு கூடியும் சக்தி இரண்டே கால் மடங்குதான் கூடியிருக்கிறது. இதற்கு ஷிகாரி தரும் விலையோ அதிகம். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். அந்த உதையைத் தாங்கும் பொருட்டுப் பெரிய இரட்டைக் குழல் துப்பாக்கிகளைப் பத்து, பதினொரு ராத்தல் கனத்துக்குச் செய்தார்கள். அப்படியும் பலருக்கு விசையை அழுத்தும் கணத்தில் தோள் நடுங்கிக் கண் மூடிக்கொள்ளும். கண்ணை மூடிச் சுடுகிறவன் கையில் ஐயாயிரம் அடி-ராத்தல் இருந்து என்ன பயன்?

தொலைதூரக் குறிக்கு வேறு நியாயம் உண்டு. மட்டமாகச் சுட்ட குண்டும், அதே சமயத்தில் கையிலிருந்து நழுவவிட்ட குண்டும் ஒரே வேகத்தில்தான் பூமியை நோக்கி விழுகின்றன. வகுப்பில் இதைச் சொன்னால் முதலில் ஒருவரும் நம்புவதில்லை. அரை வினாடியில் எந்தப் பொருளும் நான்கு அடி விழும். ஒரு வினாடியில் பதினாறு அடி விழும். ஆகவே தூரத்தைச் சீக்கிரம் கடக்கும் குண்டே குறைவாகத் தாழும். வேகத்தைத் தின்றுவிடுவது காற்று. மொண்ணை மூக்குக் குண்டைக் காற்று தடுப்பதுபோல் கூர்மூக்குக் குண்டைத் தடுக்க முடியாது. இதை அறிந்து ஜெர்மானியர் 1905-ல் கூர்மூக்குக் குண்டுக்கு மாறினார்கள். ஆங்கிலேயரும் 1910-ல் தங்கள் 303 ராணுவத் துப்பாக்கிக்கு 215 கிரெயின் மொண்ணைக் குண்டை விட்டு, 174 கிரெயின் கூர்க்குண்டைக் கொணர்ந்தார்கள். வேகம் 2,050 அடியிலிருந்து 2,440 அடிக்கு உயர்ந்தது. அப்படியும் 300 கஜ தூரத்தில் அக்குண்டு குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய மூன்று அடி தாழ்ந்துவிடும். மலைச்சரிவில் எதிர்ப்பாறைமேல் நிற்கும் வரையாட்டைச் சுடுகிறவனுக்கு இந்த மூன்று அடிதான் எல்லாம். புதர்க்காட்டில் இருபது கஜத்தில் புலியைச் சந்திக்கிறவனுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆகையால் இரண்டு ஷிகாரிகள் தோட்டாவைப் பற்றிச் சண்டையிட்டால், அவர்கள் எந்தக் காட்டில் எந்த மிருகத்தை நினைத்துப் பேசுகிறார்கள் என்று முதலில் விசாரிப்பது நலம்.

காட்டு அநுபவம் என்ன சொல்கிறது? ஸ்காட்லாந்து தேசத்தவரான பெல் என்பவர் (1880–1954) ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளை வீழ்த்தினார். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவர் உபயோகித்தது 275 நம்பர் தோட்டாவே. தந்தத்துக்காக இத்தனை யானைகளைக் கொன்றதை நாம் மெச்சவில்லை. ஆனால் அவர் செய்த ஒரு காரியம் கவனிக்கத் தக்கது. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கோணத்தில் குண்டு சென்றால் மூளையை எட்டும் என்பதைப் பாடம்போலப் படித்தார். மெல்லிய குண்டு, வளையாத உறுதியான உறை, தெரிந்த இடம், நடுங்காத கை ஆகிய இவ்வளவும் சேர்ந்ததுதான் அவருடைய 275. படிப்பை விட்டுவிட்டுத் துப்பாக்கியை மட்டும் பார்த்து அவரைப் பின்பற்ற நினைப்பது பேதைமை. பெரிய மிருகத்துக்குப் பெரிய தோட்டா என்னும் பொது விதி, சாமான்யக் கைகளுக்காக ஏற்பட்டது. அது நல்ல விதியே.

நம் நாட்டில் ஜிம் கார்பெட் இரண்டு வகையையும் வைத்திருந்தார். 450/400 இரட்டைக் குழல் ஒன்று; 275 ஒன்று. பின்னது 1907-ம் வருஷம் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. 1926-ல் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையையும், 1930-ல் சௌகட் பெண்புலியையும் வீழ்த்தியது இந்தச் சிறிய துப்பாக்கிதான். சௌகட்டில் அவர் இடக்கையில் பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டு இருந்தன. சில அடி தூரத்தில் புலி படுத்திருப்பதைக் கண்டு, வலக்கை ஒன்றினாலேயே துப்பாக்கியை மெல்லத் திருப்பிச் சுட்டார். பதினொரு ராத்தல் துப்பாக்கியாக இருந்தால் இது நடந்திருக்குமா? சந்தேகந்தான். அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஜவளகிரிக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்ஸனோ 405 நம்பர் வின்செஸ்டரைக் கைவிடவே இல்லை. பழகிய துப்பாக்கியே நல்ல துப்பாக்கி என்பது அவர் கதைகளைப் படிப்போருக்கு விளங்கும்.

சம்பாவத் கதையில் தோட்டாக்களின் பெருமை சிறுமையெல்லாம் வெளிப்படுகிறது. அன்று கார்பெட் கையில் இருந்தது 500 நம்பர் ரைபிள். இரண்டு வேட்டுக்கு மேல் சந்தர்ப்பம் கிடைக்காது என்று எண்ணி மூன்றே தோட்டாக்கள் கொண்டுபோயிருந்தார். மூன்றும் தீர்ந்தன, புலி விழவில்லை. ஓடிச்சென்று தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி வந்தார். அதில் குழலுக்கும் அடிக்கட்டைக்கும் இடையே இடைவெளி தெரிந்தது! இருபது அடியில் நின்று வாயைக் குறிபார்த்துச் சுட்ட குண்டு, பாதத்தில் போய்ப் பட்டது. முன்பட்ட காயங்களால் உயிர் போகும் தறுவாயில் இருந்தபடியால் புலி சாய்ந்தது.

பிறகு அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியும், கீழ்ப்பல் அடியோடும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை அது. இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமல் அப்புலி மனிதரைப் பிடிக்கத் தொடங்கியது. நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேர் அதற்கு இரையானார்கள். அந்த முதல் குண்டு என்ன நம்பர், எத்தனை கிரெயின் என்று யாருக்கும் தெரியாது. சுட்டவன் வீடு திரும்பி, குறி தப்பிவிட்டது என்று சொல்லிக் காப்பியோ தேநீரோ அருந்தியிருப்பான். விலை கொடுத்தவர்கள் விறகுக்கும் புல்லுக்கும் போன பெண்கள்.

அப்பெண்களின் கிராமத்தார் ஏன் தாங்களே புலியைச் சுட்டுத் தள்ளவில்லை என்று கேட்கலாம். இதற்கு விடை 1878-ல் இருக்கிறது. லிட்டன் பிரபு ராஜப்பிரதிநிதியாக இருந்த அந்த ஒரே வருஷத்தில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று, இந்தியரின் கையைக் கட்டியது. ஆயுதச் சட்டத்தின்படி இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளையருக்கோ விலக்கு. பத்திரிகைச் சட்டம் ரிப்பன் காலத்தில் 1882-ல் ஒழிந்தது. ஆயுதச் சட்டமோ நாம் விடுதலை பெற்ற பின்பும் நீடித்து, 1959-ல்தான் புதிய சட்டத்துக்கு இடம் கொடுத்தது.

அதோடு நிற்கவில்லை. 450 நம்பர் தோட்டாவை 1898-ல் லண்டன் ரிக்பி கம்பெனியார் செய்தார்கள்: 480 கிரெயின் குண்டு, 2,150 அடி வேகம். சில வருஷங்களில் இந்தியாவிலும் ஸூடானிலும் 450 நம்பரையே சர்க்கார் தடுத்துவிட்டார்கள். எல்லைப்புறத்தாரிடம் அகப்பட்டிருந்த பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளின் குழலும் அதே அளவு. வேட்டைக் குண்டு அவர்களுக்குப் பயன்பட்டுவிடுமோ என்னும் பயம். துப்பாக்கி வியாபாரிகள் உடனே 465, 470, 475 என்று புதிய எண்களைக் கொண்டுவந்தார்கள். 465-க்கு 480 கிரெயின், 2,150 அடி. 470-க்கு 500 கிரெயின், 2,150 அடி. புலிக்கும் யானைக்கும் யாதொரு வித்தியாசமும் இல்லை! இன்றும் வேட்டைப் புத்தகங்களில் 470-ஐ ஏதோ தனிப்பெருமை வாய்ந்ததாக வருணிப்பார்கள். அதன் பிறப்புக்குக் காரணம் காட்டு அநுபவம் அல்ல, காரியாலயத்துப் பயமே.

303 நம்பரின் கதையும் இப்படியே. அது ராணுவத் தோட்டாவாகையால் ஜனங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. எனவே அதே அமைப்புள்ள துப்பாக்கியை ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்றபடி செய்து, 315 என்று பெயரிட்டு இந்தியாவில் விற்றார்கள். 303-க்கும் 315-க்கும் எண்ணளவில் வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பாகம். மூன்று காகிதத்தை அடுக்கிய கனம். சட்டத்துக்கு உட்பட்டவனையும் குற்றவாளியையும் பிரிக்கும் சுவர் இவ்வளவுதான்! சுதந்திர இந்தியாவும் இந்தச் சுவரை இடிக்கவில்லை. இச்சாபூர் சர்க்கார் தொழிற்சாலையில் 315 ரைபிள் செய்து லைசென்ஸ்காரர்களுக்கு விற்றார்கள். 303 போலீஸாரிடமே இருந்தது.

வேட்டையோ 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு நம் நாட்டில் முடிந்தது. அதைப்பற்றி வருந்துவதற்கு ஒன்றுமில்லை. குறிபார்க்கும் வித்தை மட்டும் மைதானத்தில் வளர்ந்திருக்கிறது. 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் அபிநவ் பிந்த்ரா தங்கம் பெற்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகப் பந்தயங்களில் வென்றதும் காற்றுத் துப்பாக்கியினால். அதன் நம்பர் 177. பத்து மீட்டர் தூரத்தில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். அதை நோக்கிச் செல்லும் ஈயக்குண்டின் எடை சுமார் எட்டு கிரெயின். வெள்ளி ரூபாயில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.