நிலம் பொதுவில், வாணிபம் சந்தையில்

தடையற்ற வாணிபமே தேசங்களைச் செல்வத்தில் உயர்த்தும் என்று மனப்பூர்வமாக நம்புகிற அன்பர்கள், தங்கள் கட்சிக்குச் சாட்சியாகச் சிங்கப்பூரை அழைக்கும்போது, சுங்கவரி ஏறக்குறைய இல்லாத துறைமுகத்தையும், குறைந்த வருமான வரியையும், அந்நிய மூலதனத்துக்கு அந்நாடு அளிக்கும் வரவேற்பையும் எடுத்துச் சொல்கிறார்கள். அவை அனைத்தும் மெய்யே. ஆனால் அந்த வாணிபம் நடக்கிற மண் யாருடையது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சிந்திக்க வேண்டுமென்று விநயத்துடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்நாட்டு நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அரசாங்கத்தின் உடைமை. அங்கே வாழ்வோரில் நூற்றுக்கு 80 பேர் அளவில், 'வீவக' என்று அங்குள்ள தமிழர் சுருக்கி வழங்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். காலனி ஆட்சியில் வீடு கட்டும் பொறுப்பை ஏற்றிருந்த ஸ்தாபனம் 32 ஆண்டுகளில் சுமார் 23,000 வீடுகளே கட்டியிருக்க, 1960-ல் தோன்றிய இக்கழகமோ முதல் ஐந்தாண்டுகளில் 50,000-க்கு மேற்பட்ட வீடுகளை எழுப்பியது. 1961-ல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி தீக்கிரையாகி, சுமார் 16,000 பேர் வீடிழந்து நின்றபோது அவர்களுக்குக் கூரை தந்தது சந்தை அன்று.

இப்பணி பின்னர் மேலும் விரியப் பெரும் பலமாக அமைந்தது, தனியார் நிலத்தைப் பொதுத் தேவைக்காக அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்த 1966-ம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டம். அதன் பின்னே நிற்கும் கேள்வி இது: சாலையும் துறைமுகமும் பள்ளிக்கூடமும் பொதுப்பணத்தில் உண்டாகி, அதனால் பக்கத்து நிலத்தின் விலை பன்மடங்கு ஏறுமாயின், அதற்காக ஒரு துரும்பையும் அசைக்காத நிலச்சொந்தக்காரர் அந்த ஏற்றம் முழுவதையும் அனுபவிப்பது எந்த நியாயம்? இக்கேள்வியைக் கேட்டவர்கள் சோஷலிஸ்டுகள் மட்டும் அல்லர். நிலவாடகையின் இயல்பை ரிக்கார்டோ ஆராய்ந்து காட்டினார். உழைக்காமல் வளரும் அந்த ஆதாயத்துக்கு வரி விதிக்க வேண்டுமென்று ஜான் ஸ்டூவர்ட் மில் வாதாடினார். சந்தைப் பொருளாதாரத்தின் மகா பண்டிதரான மில்டன் ஃப்ரீட்மனே, வரிகளுக்குள் தீமை மிகக் குறைந்தது வெறும் நிலத்தின் மதிப்பின்மீது விதிக்கும் வரி என்று ஒப்புக்கொண்டார். ஆகவே, இந்தத் திசையில் முதல் அடி எடுத்து வைக்கச் சந்தை அபிமானி தம் குருமார்களைக் கைவிட வேண்டியதில்லை.

வீட்டு வாடகை ஊதியத்தை விழுங்காத இடத்தில் தொழிலாளி மிதமான சம்பளத்திலும் கௌரவமாக வாழ முடிகிறது. அது முதலாளிக்கும் அனுகூலம். நிலக்குத்தகைப் பணம் தேசத்தின் சேமிப்பில் சேர்ந்து, அச்சேமிப்பின் வருவாயில் ஒரு பகுதி வருஷந்தோறும் வரவுசெலவுக்கு உதவுவதால் வரிச்சுமையும் தணிகிறது. சந்தையின் சுதந்திரமும் நிலத்தின் பொது உடைமையும் அங்கே ஒன்றையொன்று போஷித்தன என்பதே என் துணிபு.

இதில் அநீதி கலக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நஷ்டஈட்டுக்குரிய விலையைச் சட்டமே பழைய தேதியொன்றில் நிறுத்திவைத்ததால், பெருநிலக்காரரோடு சிறு காணிக்காரரும் இழந்தனர். முழுச் சந்தை விலையைத் தரும் ஏற்பாடு 2007-ல்தான் வந்தது. நிலம் அரசின் கையில் குவியக் குவியக் குடிமகனுக்கு அச்சம் வளரும் என்ற ஆட்சேபமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் அதற்குப் பரிகாரம், நிலத்தை ஆள்வோரைத் தட்டிக் கேட்கும் உரிமையை மக்களுக்கு விரிவாக்குவதே அன்றி, நிலத்தைத் தனியாரிடம் திருப்பிக் கொடுப்பது அன்று.

இன்று தீராமல் நிற்பது வீவக வீடுகளின் 99 ஆண்டுக் குத்தகைப் பிரச்சினை. தவணை முடிந்தால் வீடு அரசிடம் திரும்பிவிடும் என்பதால், மத்திய சேமநிதி என்னும் ஓய்வுகாலச் சேமிப்பில் சேர்த்த பணத்தையெல்லாம் பழைய வீட்டில் போட்ட குடும்பங்கள் கவலையுடன் ஆண்டுகளை எண்ணுகின்றன. அவ்வீட்டின் மதிப்பு தேயும் வேகத்தை எப்படிக் கணக்கிடுவது, முதுமையில் அவர்கள் சேமிப்பு கரையாமல் எவ்வாறு காப்பது என்பவற்றில், விலைகளின் நுட்பம் அறிந்த சந்தைவாதியின் ஞானம் சோஷலிஸ்டுக்கு மிகவும் வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கைப் போடுவதற்கே சந்தைவாதிகளை அழைக்கிறேன்.