கழித்த கணனியும் நம்மவர் மறுப்பும்

பழைய கணனி ஒன்றைத் திருத்தித் தோட்டப் பாடசாலையில் வைக்கலாம் என எவரேனும் கூறின், நம் அரங்குகளில் உடனே எழும் மறுப்பு ஒன்றுண்டு. "மலையகத்தானுக்கு என்றும் மிச்சந்தானா?" என்பதே அது. இம்மறுப்பு வெறுங் கோபத்திற் பிறந்ததன்று. அதன் பின்னே நெடிய வரலாறு உளது. ஆயினும் இவ்விடயத்தில் அது குறி தவறிய கல்லென்றே கூறுவேன்.

இங்கிலாந்தின் ஹார்வெல் அணுவாராய்ச்சி நிலையத்தில் 1951இல் இயங்கத் தொடங்கிய கணனி ஒன்றுண்டு. இரண்டரைத் தொன் நிறை. ஒரு பெருக்கலுக்கே பல விநாடிகள். விரைவான பொறிகள் வந்தபின், 1957இல் அதற்கு அங்கே வேலையில்லாது போயிற்று. நிலையத்தார் அதனை உடைத்து விற்றாரல்லர். எக்கல்லூரி அதற்குச் சிறந்த பயன் காட்டுமோ அதற்கே தருவோமெனப் போட்டி வைத்தனர். வுல்வர்ஹாம்ப்டன் தொழினுட்பக் கல்லூரி வென்றது. 1973 வரை மாணவர் அதிற் பயின்றனர். பின்னர் களஞ்சியத்திற் கிடந்த அதனைத் தொண்டர்கள் 2009 முதல் திருத்தி, 2012இல் பிளெச்லி பார்க்கிலுள்ள தேசியக் கணனி அருங்காட்சியகத்தில் மீண்டும் இயக்கினர்.

அக்கல்லூரி மாணவரை மிச்சம் உண்டவரென்று எவரும் இகழ்ந்ததாக அறியோம். ஏன்? அவர்கள் கேட்டுப் பெற்றனர். பெற்றதைத் திறந்து பார்க்கும் உரிமையும் அவர்களிடம் இருந்தது.

நம்மிடம் நிகழ்வது வேறு. மாலை, மேடை, புகைப்படம். சில மாதங்களிற் பழுது. திருகாணியைத் தொட எவருக்கும் அனுமதியில்லை. துணி போர்த்தி மூலையில் வைத்த பெட்டி, கணக்கெடுப்புக் குழு வந்து கழிக்கும்வரை தூங்கும். இழிவு கணனியின் வயதில் இல்லை. அந்தத் தடையிலேயே உள்ளது.

கழிப்பவரின் தீர்ப்பை நாம் அப்படியே ஏற்கவும் வேண்டியதில்லை. 1919இல் ஓப்பநாயக்கவை எட்டிய களனிப் பள்ளத்தாக்குக் குறுகிய இருப்புப் பாதையின் ஓப்பநாயக்கப் பிரிவு, 1976இல் மூடப்பட்டதை இப்பகுதியார் மறந்திலர். 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிவுற்றது. நன்கு இயங்கும் எண்ணற்ற கணனிகள், புதிய பதிப்புக் கேட்கும் பாதுகாப்புச் சில்லு இன்மையாலேயே 'பழசு' ஆயின. அவற்றுட் பலவற்றுக்கு வேண்டுவன யாவை? தூசி துடைத்தல், நாணயமளவு மின்கலம் ஒன்று, சுழலும் வன்தட்டுக்குப் பதில் திண்மநிலைத் தட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். அதன் முகப்பைத் தன்னார்வலர் தமிழிலும் ஆக்கி வைத்துள்ளனர். (ஆதர் சி. கிளார்க் கொழும்பிலிருந்தே '2010' திரைப்பட இயக்குநருடன் 1983இல் தொலைபேசிவழி மடல் பரிமாறியது 64 கிலோபைற்று நினைவகமுள்ள கேப்றோ கணனியில் என்பதையும் இங்கு நினைக்கலாம்.)

"இதைச் சாட்டாக்கி அரசு புதியதைத் தராது விட்டால்?" என்பர். நியாயமான அச்சம். புதியதையும் கேட்போம், உரத்தே கேட்போம். ஆனால் பெட்டியின் உட்புறம் அறியாதவன், தனக்குத் தரப்படும் புதியதின் தரத்தையும் விலையையும் எவ்வாறு வினவுவான்? நுகர்வோனாக மட்டும் அவனை வைத்திருப்பதே எளிதென எண்ணுவோர்க்கு நம் தன்மானப் பேச்சு துணைபோகின்றது.

நம் பல்கலைக்கழகங்கள், தாம் கழிக்கும் கணனிகளுக்கு ஹார்வெல் வைத்த போட்டியை வைக்கட்டும். ஓப்பநாயக்கத் தோட்டத்து உயர்தர மாணவி தன் திட்டத்தை எழுதி விண்ணப்பிக்கட்டும். வென்றால் கணனியுடன் திருப்புளியும், உதிரிப்பாகச் செலவும், அதனைத் திறப்பதற்கான அனுமதியும் எழுத்திலேயே அவள் பாடசாலைக்குத் தரப்படுதல் வேண்டும்.