பேய் வரும் நேரத்தில் முறுக்கைக் கடிக்காதீர்கள்

தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. முறுக்கு டின் பாதி காலி. நெய் உருண்டை டப்பாவின் அடியில் நான்கைந்து உடைந்து மாவாகக் கிடக்கின்றன. அச்சு முறுக்கை மட்டும் யாரும் தொடவே இல்லை. இந்த நேரம் பார்த்துத்தான் அக்டோபர் 31 வருகிறது. அது வெள்ளிக்கிழமையாக அமைந்தால் மறுநாள் பள்ளி இல்லை. பேய்ப்படம் பார்க்க இதைவிட நல்ல இரவு கிடையாது என்று வீட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே தீர்மானம் போட்டிருப்பார்கள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பேயை வீட்டுக்குக் கூப்பிடுகிறீர்களா?" என்று பாட்டி கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பயங்காட்டும் முகம் நமக்கொன்றும் புதிதில்லை. சூரசம்ஹாரம் இருக்கிறதே. யானைத் தலை, சிங்கத் தலை என்று மாறி மாறி வரும் சூரனைப் பார்க்கப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நாம். பூசணிக்காயில் கோரைப் பல்லும் முட்டைக் கண்ணும் வரைந்து திருஷ்டிக்காக வாசலில் கட்டுவதும் நம் பழக்கம்தான். ஆகவே பாட்டிக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். மாலையில் விளக்கேற்றி முடித்த பிறகு படத்தைப் போடுங்கள். சாப்பாடு முழுவதும் சைவமாக இருக்கட்டும். பாட்டியும் வந்து உட்காருவார்.

சைவம் என்று சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. பேரங்காடிகளில் இப்போது கண் முழி மிட்டாய், புழு மிட்டாய், எலும்புக்கூடு ஜெல்லி எல்லாம் வந்து குவிந்திருக்கின்றன. எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஜெலட்டின் இருக்கும். விலங்குகளின் தோலையும் எலும்பையும் கொதிக்க வைத்து எடுப்பது அது. பன்றி, மாடு, மீன் என எதிலிருந்தும் வரலாம். ஹலால் முத்திரை இருந்தால் பக்கத்து வீட்டு அமீர் சாப்பிடலாம், சரி. ஆனால் அது மாட்டிலிருந்து எடுத்ததாக இருந்தால் நம் வீட்டில் பலர் தொடமாட்டார்கள். பாட்டிக்கு எதுவானாலும் ஆகாது. ஒரே ஒரு மிட்டாய், கூடத்தில் பாதிப் பேருக்கு இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில் எட்டுப் பிள்ளைகள் கூடினால் இது கட்டாயம் நடக்கும். எல்லோரும் மெல்லும்போது ஒரு பிள்ளை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட மோசமான பேய்க்காட்சி எந்தப் படத்திலும் இல்லை.

இதற்கு நம் ஊரிலேயே மருந்து இருக்கிறது. அகார்-அகார். கடற்பாசியிலிருந்து எடுப்பது, யாருக்கும் விலக்கில்லை. நம் வெயிலுக்கும் அதுதான் சரி. ஜெலட்டின் கிட்டத்தட்ட உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும், மேசையில் வைத்த அரை மணி நேரத்தில் கண் முழி கண்ணீராகிவிடும். அகார்-அகார் 40 பாகைக்குப் பக்கத்தில் உறையும், மறுபடி உருக வேண்டுமென்றால் 85 பாகை வேண்டும். மின்விசிறி மட்டும் ஓடும் கூடத்தில்கூட அப்படியே நிற்கும்.

இனி கண் முழி செய்யும் விதம். அச்சு வாங்க வேண்டாம், குழிப்பணியாரச் சட்டி போதும். வீட்டில் இல்லையென்றால் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ பாத்திரக் கடைகளில் கிடைக்கும். சங்குப்பூ, நாசி கெராபுவுக்கு நீல நிறம் தரும் அதே பூஙா தெலாங், பத்துப் பதினைந்தை ஒரு குவளை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். கருநீலச் சாறு கிடைக்கும். அதில் 2 கிராம் அகார்-அகார் தூளும் கொஞ்சம் சீனியும் போட்டுக் கொதிக்கவிடுங்கள். ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு சின்னத் துண்டு கறுப்புத் திராட்சையை வைத்து, மேலே ஒரு தேக்கரண்டி நீலத்தை ஊற்றுங்கள். அது உறைவதற்குள் வெள்ளையைத் தயார் செய்ய வேண்டும். 400 மில்லி தண்ணீரில் 5 கிராம் தூளைக் கட்டியில்லாமல் கரையும்வரை கொதிக்கவிட்டு, 60 கிராம் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, கடைசியாக 100 மில்லி கெட்டித் தேங்காய்ப் பால் சேர்த்து அடுப்பைக் குறைத்துவிடுங்கள். நீலம் விரலில் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போதே வெள்ளையைச் சூடாக ஊற்ற வேண்டும். முழுக்க உறைந்து ஆறிய பிறகு ஊற்றினால் இரண்டும் ஒட்டாது, கவிழ்க்கும்போது கருவிழி தனியாக உருண்டு ஓடும். அதுவும் பேய்ப்படத்துக்குப் பொருத்தம்தான் என்பது வேறு விஷயம். ஒரு சட்டியில் ஏழெட்டுதான் வரும். மீதியை ஐஸ் தட்டிலோ தேநீர்க் கிண்ணத்திலோ ஊற்றிக்கொள்ளலாம்.

இதற்கும் நேரமில்லாதவர்களுக்கு ஒரு டின் லைச்சி. சாற்றை வடித்துவிட்டு, ஒவ்வொரு பழத்தின் குழியிலும் ஓர் உலர்ந்த திராட்சையை அமுக்கினால் போதும், ரத்தமில்லாத கண் முழி தயார். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் லைச்சி, திராட்சை, பணியார அகார்-அகார் எதையும் முழுதாகக் கொடுக்காதீர்கள். நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். வழுவழுப்பான உருண்டை தொண்டையில் அடைக்கும். இருட்டில், திடுக்கிடுகிற காட்சியில், வாயில் முழுப் பழம் இருப்பது பெரிய பிள்ளைகளுக்கே ஆபத்து. கச்சான் போன்ற பருப்புகளும் சின்னவர்களுக்கு வேண்டாம்.

சங்குப்பூச் சாறு மீந்திருந்தால் அதைக் கொட்டிவிடாதீர்கள். சீனி கலந்து கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, விளக்கை அணைப்பதற்கு முன் பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஒரு துண்டு எலுமிச்சை கொடுங்கள். பிழிந்த நொடியில் நீலம் ஊதாவாக மாறும். அந்தப் பூவின் நிறமி புளிப்பைச் சந்தித்தால் அப்படித்தான் மாறும், அறிவியல் பாடம் இலவசம். சிவப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஐஸ் போட்ட ரோஸ் சிரப். அதில் ஊறவைத்த செலாசி விதை ஒரு கரண்டி போட்டால் தவளை முட்டை மாதிரி மிதக்கும். ஊரில் சப்ஜா என்பார்களே, அதுதான்.

அடுத்து மூளை. வழக்கமான இடியாப்ப மாவைப் பிசையும் வெந்நீரில் அரைக் குவளை பீட்ரூட் சாறு சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் மேடு வருகிற மாதிரி பிழிந்து அவித்தால், வெளிறிய சிவப்பில் சுருள் சுருளாக, அசல் மூளை. காலையில் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்து வரும் புட்டு மாயம்காரரிடம் வாங்கியதையும் அப்படி அடுக்கி மேலே சாற்றைத் தெளித்துக்கொள்ளலாம். வாழையிலையில் வைத்து, நடுவில் கெட்டியான தக்காளித் தொக்கு. கெட்டியான என்பதை அழுத்திச் சொல்கிறேன். இருட்டில் கையால் எடுத்துச் சாப்பிடுகிற இரவு இது. சொட்டுகிற எதுவும் சோபாவில்தான் முடியும்.

யாரும் தொடாத அந்த அச்சு முறுக்குக்கு இப்போது வேலை வந்துவிட்டது. அதைத் தட்டில் வைத்துப் பாருங்கள், சிலந்தி வலைதான். நடுவில் ஒரு நெய் உருண்டையை உருகிய சாக்லேட்டால் ஒட்டி, பக்கத்துக்கு நான்காக ஓமப்பொடியைச் செருகினால் எட்டுக்கால் பூச்சி. கண்ணுக்கு இரண்டு எள். உடைந்து மாவாகக் கிடந்த நெய் உருண்டைகளை ஒரு கரண்டி சூடான நெய் விட்டு மறுபடி பிடித்துக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் விட்டுவிட வேண்டிய வேலை இது. கால் ஏழாக இருந்தாலும் யாரும் எண்ணப்போவதில்லை.

அடுப்புப் பக்கம் நிற்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஓண்டே-ஓண்டே. 200 கிராம் பச்சரிசிப் புட்டு மாவு அல்ல, புலுட் மாவு. பாண்டான் சாறு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து, நடுவில் பொடித்த குலா மெலாக்கா வைத்து உருட்டிக் கொதிக்கும் நீரில் போட வேண்டும். மேலே மிதந்து வந்தால் வெந்துவிட்டது. உப்புப் போட்ட தேங்காய்ப்பூவில் புரட்டுங்கள். கடித்தால் உள்ளே இருந்து பாகு பீறிடும், பச்சைப் பேயின் கண் என்று சொல்லிக் கொடுக்கலாம். நன்றாக ஆறிய பிறகு மட்டும். உள்ளே இருக்கும் பாகு வெளியைவிட வெகு நேரம் சூடாக இருக்கும்.

மரவள்ளிக்கிழங்கில் விரல் செய்யலாம். பச்சையாகப் பொரிக்காமல், முதலில் நன்றாக அவித்து நடு நாரை எடுத்துவிட்டு, விரல் நீளத்துக்கு நறுக்கிப் பொரித்து, நுனியில் ஒரு கீற்று வெங்காயத்தை நகமாகச் செருகினால் ஆயிற்று. ஜப்பான்காரன் காலத்தில் இந்தக் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைத்தோம் என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது ஆரம்பித்தால் படத்தை நிறுத்திவிட்டு அதைக் கேளுங்கள். எந்தப் பேய்க்கதையும் அதற்கு ஈடாகாது.

இனி என் துறைக்கு வருகிறேன். வானொலியில் வேலை செய்கிறவர்களுக்குப் படத்தைக் காதால் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். பேய்ப்படத்தில் பயத்தை உண்டாக்குவது பெரும்பாலும் சத்தம் இல்லை, சத்தத்துக்கு முன்னால் வரும் அமைதி. கதவு மெல்லத் திறக்கிறது, இசை நின்றுவிட்டது, கூடத்தில் யாரும் மூச்சுவிடவில்லை. அப்போது மாமா தேன்குழலைக் கடிக்கிறார். அவ்வளவுதான், பேய் போய்விட்டது. அதனால் பலகாரத்தைச் சத்தம் பார்த்துப் பரிமாறுங்கள். முறுக்கு, சிலந்தி வலை, கறிவேப்பிலையும் நெய்யும் மஞ்சளும் போட்டுப் பொரித்த பாப்கார்ன் எல்லாம் தொடக்கத்தில், குடும்பம் புது வீட்டுக்குக் குடிவந்து பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும் வரைக்கும். தமிழ்ப் படமென்றால் இடைவேளை அட்டை வரும், அப்போது பானமும் கிழங்கும். அதற்கு அப்புறம் மூளை, கண் முழி, ஓண்டே-ஓண்டே மட்டும். கரகரக்கும் பிளாஸ்டிக் பாக்கெட் எதுவும் கூடத்துக்குள் வரக்கூடாது, எல்லாவற்றையும் முன்பே தட்டில் கொட்டிவிடுங்கள்.

படம்? பதின்ம வயதுப் பிள்ளைகள் மட்டும் என்றால் கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' (2012), அல்லது மிஷ்கினின் 'பிசாசு' (2014). இரண்டாவதில் பேயின் மேல் பயத்தைவிட இரக்கம்தான் அதிகம் வரும். எல்லா வயதும் கலந்திருந்தால் 'சந்திரமுகி' (2005). ஜோதிகாவின் கண்கள் பெரிதாகும்போது தட்டிலிருக்கும் கண் முழியை எடுத்து நீட்டலாம். மிகச் சின்னவர்கள் இருந்தால் பேயே வேண்டாம், 1957இல் வந்த 'மாயாபஜார்' போதும். கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவ் ஒரு கல்யாண விருந்தையே தனி ஆளாகத் தின்று தீர்க்கும் காட்சிக்கு எதிரே உட்கார்ந்து நொறுக்குத்தீனி தின்பது தனி சுகம். அதே 1957இல்தான் கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் 'பொந்தியானாக்' வந்தது. மலாய்ப் படம், மரியா மெனாடோ பேயாக நடித்தார், இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ். அந்த முதல் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. பொந்தியானாக் வாழைமரத்தில் குடியிருக்கும் என்பார்கள், ஆகவே அன்றைய தட்டில் பீசாங் கோரெங்குக்கும் இடமுண்டு.

எந்தப் படமானாலும் ஒரு பிள்ளை "போதும்" என்றால் உடனே விளக்கைப் போட்டு நிறுத்திவிட வேண்டும். "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்யும் அண்ணன்மாரை முன்கூட்டியே எச்சரித்து வையுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுவதாக இருந்தால் பெற்றோரிடம் படத்தின் பெயரையும் சாப்பாட்டையும் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஹாலோவீன் என்ற பெயரில் எதிலும் சேர விரும்பாத இஸ்லாமியக் குடும்பங்கள் உண்டு, கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ஒரு தட்டு ஓண்டே-ஓண்டே மறுநாள் வேலியைத் தாண்டிப் போகலாம்.

பூசணிக்காய் செதுக்க ஆசைப்பட்டால் வெள்ளிக்கிழமை மாலையே செதுக்குங்கள், நம் வெக்கையில் ஓரிரு நாளில் அழுகிவிடும். உள்ளே மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு. தரையில் பாயைப் போட்டுப் பிள்ளைகள் புரளும் இரவில் நெருப்பு வேண்டாம். சுரண்டி எடுத்த சதையைக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். சனிக்கிழமை காலை அதை அவித்து மசித்து, ஒரு குவளைக்கு ஒரு குவளை கோதுமை மாவு, மூன்று மேசைக்கரண்டி சீனி, சிட்டிகை உப்பு சேர்த்துக் கரண்டியால் எண்ணெயில் விட்டால் செகோடோக். கோப்பியோடு சாப்பிடலாம், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும்.