கையில போன் இருக்கு... கேமரா எதுக்கு பாஸ்?

கோயில் திருவிழாவில் கழுத்தில் கேமரா மாட்டிக்கொண்டு நிற்பவரைப் பார்க்கும்போது லேசாக ஒரு ஆசை வரும். ராத்திரி படுத்துக்கொண்டே ஷாப்பிங் ஆப்பைத் திறந்தால், 'மாதம் இவ்வளவு கட்டினால் போதும்' என்ற இ.எம்.ஐ வரி கண்ணில் பட்டு விரல் அரிக்கும். அந்த பட்டனை அழுத்துவதற்கு முன்னாடி இதை ஒரு அஞ்சு நிமிஷம் படிச்சிடுங்க.

ஆசைப்படுவது நீங்கள் மட்டுமில்லை. ஜப்பானின் கேமரா நிறுவனங்கள் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2010-ல் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்கு வந்தன. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே போனது. மிச்சத்தையெல்லாம் போன் விழுங்கிவிட்டது. ஆனால், 2024-ல் எண்ணிக்கை மறுபடியும் 80 லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஃப்யூஜிஃபிலிம் அறிவித்த எக்ஸ்100விஐ கேமராவுக்குப் பல நாடுகளில் காத்திருப்புப் பட்டியல். பீரோவில் தூங்கும் பழைய டிஜிகேமைத் தூசி தட்டி எடுப்பதும் இப்போது ட்ரெண்ட். போனிலேயே வளர்ந்த தலைமுறை ஏன் கேமரா பக்கம் திரும்புது?

அண்டாவும் டம்ளரும்

மழையில் ஒரு அண்டாவையும் ஒரு டம்ளரையும் வையுங்கள். எதில் அதிகத் தண்ணீர் சேரும்? கேமராவின் சென்சாரும் அப்படித்தான், வெளிச்சத்தைப் பிடிக்கும் பாத்திரம். ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார் 36 மி.மீ நீளம், 24 மி.மீ அகலம். பரப்பளவு 864 சதுர மி.மீ. விலை உயர்ந்த பல போன்களின் மெயின் கேமராவில் இது சுமார் 70 சதுர மி.மீதான்.

இந்தக் குறையை போன் மூளையால் சரிக்கட்டுகிறது. நீங்கள் ஒரு முறை தட்டினால், அது அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து, நல்லதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கிறது. '200 மெகாபிக்ஸல்' என்று விளம்பரம் வரும் போன்கூட, வழக்கமாக 16 பிக்ஸல்களை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்ஸல் படமாகத்தான் தருகிறது. அதனால் நம்பரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

போன் ஜெயிக்கும் இடம்

பகல் வெளிச்சம், பிரியாணி போட்டோ, நண்பர்களோடு செல்ஃபி... இதற்கெல்லாம் போனே தாராளம். பின்னால் வெயில் அடிக்கும் மெரினாவில் முகமும் வானமும் சேர்ந்து தெளிவாக வர, கேமராவில் செட்டிங்ஸ் தெரிந்திருக்க வேண்டும். போன் தானாகவே பார்த்துக்கொள்ளும்.

படத்தை எங்கே பார்க்கப்போகிறீர்கள் என்பதும் முக்கியம். 1080-க்கு 1350 அளவுள்ள இன்ஸ்டா போஸ்ட்டில் இருப்பது 15 லட்சம் பிக்ஸலுக்கும் குறைவு. நாலுக்கு ஆறு இன்ச் பிரின்ட் போட 22 லட்சம் பிக்ஸல் இருந்தால் போதும். இதற்கு மட்டும்தான் என்றால் அரை லட்சத்துக்கு மேல் கடன் வாங்குவது வீண்.

போன் திணறும் இடம்

ஸ்கூல் ஆண்டு விழா. கடைசி வரிசையில் நீங்கள், மேடையில் ஆடும் அக்கா பொண்ணு. போனில் ஜூம் போட்டால் ஒரு கட்டத்துக்கு மேல் முகம் ஆயில் பெயின்டிங் மாதிரி ஆகிவிடும். ஆடுகிற கை மங்கும். போர்ட்ரெய்ட் மோடில் பின்னணியோடு சேர்த்து ஜிமிக்கியின் ஓரத்தையும் மழுப்பிவிடும். ஏனென்றால் அந்த மங்கல் பெரும்பாலும் சாஃப்ட்வேர் போடும் கணக்கு. பெரிய சென்சாரில் அது லென்ஸே தருவது.

நம்ம முகத்தை யார் முடிவு செய்வது?

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். சாம்சங் போன்கள் எடுக்கும் நிலா போட்டோக்கள் பற்றி 2023-ல் பெரிய சர்ச்சை கிளம்பியது. படத்தில் இருப்பது நிலா என்று அடையாளம் கண்டு, ஏஐ மூலம் விவரங்களை மேம்படுத்துவதாக நிறுவனமே விளக்கம் தந்தது. நிலாவுக்குப் பரவாயில்லை, பாட்டிக்கு? பல போன்களில் பியூட்டி மோடை நாம் கவனிக்காமலே ஆன் செய்து வைத்திருப்போம். சுருக்கம் போய்விடும், கறுப்பு ஒரு படி வெளுத்துவிடும். கருமையான சருமத்தை கேமராக்கள் இத்தனை காலம் சரியாகக் காட்டவில்லை என்பதை ஏற்றுத்தான் 2021-ல் கூகுள் தன் பிக்ஸல் 6-ல் 'ரியல் டோன்' என்ற வசதியைக் கொண்டு வந்தது.

கேமராவும் நிறத்தில் கை வைக்கத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். பழைய டிஜிகேம் மேல் வரும் மோகத்துக்கும் இது ஒரு காரணம் என்று தோன்றுகிறது. இருபது வருஷம் கழித்து பாட்டியைத் தேடி போட்டோவைத் திறக்கும்போது, அதில் பாட்டிதான் இருக்கணும் இல்லையா?

அப்போ வாங்கலாமா?

மேடை நிகழ்ச்சி, பறவை, விளையாட்டு, இரவு என்று அடிக்கடி எடுப்பவர் என்றால் வாங்கலாம். ஆனால் கேமராவோடு வரும் கிட் லென்ஸ் இருட்டு ஹாலுக்குப் போதாது. லென்ஸ், மெமரி கார்டு, பை எல்லாம் தனிச் செலவு. முதலில் ஒரு வாரக் கடைசிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். தூக்கிக்கொண்டு அலைய ஞாயிறு சாயங்காலமும் ஆசை இருந்தால், அப்புறம் யோசிக்கலாம்.

மற்றவர்களுக்கு, செலவே இல்லாத ஒரு வேலை. போனின் லென்ஸை சுத்தமான துணியால் துடையுங்கள். பியூட்டி, ஃபில்டர் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். பாட்டியை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, ஜூம் பண்ணாமல் ரெண்டு அடி கிட்டப் போய் ஒரு படம் எடுங்கள். அதைப் பார்த்துட்டு இ.எம்.ஐ பத்தி யோசிங்க.