கட்டிலில் கட்டிய கைகள்

நெல்லிக்குப்பத்துக்கு அருகே ஒரு கிராமம். அங்கே ஒரு கரும்பு வெட்டும் தொழிலாளி. வெட்டு இல்லாத நாளில் கூலிக்குப் பூச்சி மருந்து அடிக்கப் போனவர், வாயில் நுரை தள்ளி வரப்பிலேயே விழுந்தார். கூட வேலை செய்தவர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிர் பிழைத்தார்.

மூன்றாம் நாள் நாம் பார்க்கப் போனோம். அவருடைய இரண்டு கைகளும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டப்பட்டிருந்தன. "ஆலையிலே சங்கு ஊதிட்டான், வண்டியைப் பூட்டு" என்றார். சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்றார். நம்மை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஏன் கட்டினீர்கள் என்று கேட்டோம். "குடிகாரன் சார், குழாயைப் பிடுங்குறான்" என்று பதில் வந்தது. அவர் குடிப்பவரே அல்ல! அதைச் சொல்லக்கூடிய மனைவியோ மூன்று நாளாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போக அவருக்குக் கிடைத்தது ஒரு நாளைக்குப் பத்தே நிமிஷம்.

வீடு திரும்பிய பிறகு ஊர் என்ன சொல்லிற்று? "மூளை கலங்கிவிட்டது" என்றது. மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடவில்லை. உறவினர்கள் பூசாரியிடம் அழைத்துப் போவதற்குக் கடன் வாங்கினார்கள்.

தோழர்களே! அவர் பைத்தியமல்ல. அவரைப் பேயும் பிடிக்கவில்லை. கடும் காய்ச்சலில் கிடப்பவரைப் பார்த்து "ஜன்னி கண்டு பிதற்றுகிறான்" என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான் இது. டாக்டர்கள் டெலிரியம் என்கிறார்கள். உடம்பைத் தாக்கிய பெருநோய் மூளையின் வேலையையும் சில நாளைக்குக் குலைத்துவிடுகிறது. ரத்தத்தில் கலந்த கிருமி விஷம், பிராணவாயுக் குறைவு, உப்புச் சத்தின் ஏற்ற இறக்கம், தூக்க மருந்து, இரவு பகல் தெரியாத விளக்கு வெளிச்சம், தூக்கமின்மை என்று காரணங்கள் பல. பூச்சி மருந்து விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசி உயிர் காக்கும் மருந்து. ஆனால் அளவு மிஞ்சினால் அதுவே மனிதனைப் பிதற்ற வைக்கும்.

பைத்தியத்துக்கும் இதற்கும் வித்தியாசம் என்ன? இது திடீரென்று வரும். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்று ஏறி இறங்கும். ஒரு விஷயத்தில் கவனம் நிற்காது. மூலநோய் தணிந்தால் பெரும்பாலும் இதுவும் தணியும்.

கத்துகிறவனை எல்லோரும் பார்க்கிறார்கள். சத்தமில்லாமல், கூப்பிட்டால் மெதுவாகக் கண் திறந்து, பதில் சொல்லாமல் கிடப்பவனை யார் பார்க்கிறார்கள்? "நல்ல நோயாளி, தொந்தரவு இல்லை" என்று தாண்டிப் போகிறார்கள். அவனுக்கும் இதே நோய் இருக்கலாம்! லேசாக வந்தால் கேட்கவே வேண்டாம். ஒருவர் கண்ணிலும் படாது. கண்டுபிடிக்க வழி இல்லாமலா போயிற்று? 2001ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிலும் கனடாவிலும் டாக்டர்கள் எளிய சோதனைகளை வகுத்துவிட்டார்கள். கனடாவின் சோதனையில் 8 அடையாளங்கள். 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் டெலிரியம். 1 முதல் 3 வரை இருந்தால் லேசான வகை. இதற்கு யந்திரம் வேண்டாம். நோயாளியை நின்று கவனிக்க ஓர் ஆள்தான் வேண்டும்.

சில நாள் பிதற்றல்தானே, போகட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, தீவிர சிகிச்சை பெற்ற 821 பேரைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் நூற்றுக்கு 74 பேருக்கு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே டெலிரியம் கண்டிருந்தது. ஓராண்டு கழித்துச் சோதித்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஞாபகமும் யோசனையும் தலையில் பலமாக அடிபட்டவருக்கு இருப்பதுபோல் குறைந்திருந்தன. டெலிரியம் நீடித்த நாட்கள் கூடக்கூட, இந்தக் குறைவும் கூடியிருந்தது. சுழலும் யந்திரத்துக்கு முன்னால் நிற்கும் ஆலைத் தொழிலாளிக்கு ஒரு நிமிஷ மறதி என்றால் என்ன? ஒரு விரல், ஒரு கை, சில வேளை உயிர்.

நம் மாவட்டத்துச் சங்கதிக்கு வருவோம். 2020 ஜூலை 1ஆம் தேதி நெய்வேலி இரண்டாவது அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. 6 தொழிலாளர்கள் அங்கேயே மாண்டார்கள். அதே நிலையத்தில் அதற்கு முன் மே 7ஆம் தேதியும் ஒரு வெடிப்பு. ஜூலை வெடிப்பில் தீக்காயம் பட்டவர்களைச் சென்னைக்குக் கொண்டு போனார்கள். அடுத்தடுத்த நாட்களில் அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சாவுச் செய்தி வந்தது. கொரோனா ஊரடங்குக் காலம் அது. அந்தக் கட்டில்களில் யாருக்கு என்ன கண்டது என்று நாம் இங்கே சொல்ல வரவில்லை. ஆனால் பெருந்தீக்காயம் பட்டவர்கள் டெலிரியத்துக்கு மிக எளிதில் ஆளாகிறவர்கள் என்பது வைத்திய உலகம் அறிந்த உண்மை. பாய்லருக்கு முன்னால் தொழிலாளியை நிறுத்துகிறவர்கள், அவன் வெந்து விழுந்தால் உடம்பை மட்டுமா காப்பாற்ற வேண்டும்? புத்தியையும் சேர்த்துக் காப்பாற்றும் வைத்தியம் அவனுக்கு வேண்டாமா?

இதற்கு அவர்கள் என்ன சமாதானம் சொல்கிறார்கள்?

"கட்டாவிட்டால் குழாயைப் பிடுங்குவான்" என்கிறார்கள். கட்டினால் பயம் கூடும். பயம் கூடினால் திமிறல் கூடும். கட்டப்பட்டவர்களும் குழாயைப் பிடுங்கியதுண்டு. வேறு வழியே இல்லாத சமயத்தில், சற்று நேரம் கட்ட நேரலாம். ஆள் இல்லாத குறைக்குக் கயிற்றைக் காவல் வைப்பதா வைத்தியம்?

"ஊசி போட்டால் அடங்கிவிடுவான்" என்கிறார்கள். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 566 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். ஹாலோபெரிடால் என்ற பேர்போன மருந்து டெலிரியம் இருக்கும் நாட்களைக் குறைக்கவில்லை.

"சொந்தக்காரர்களை உள்ளே விட்டால் கிருமி வரும்" என்கிறார்கள். பிரேசில் நாட்டில் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குடும்பத்தாரை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை இருக்க விட்டார்கள். 2019இல் முடிவு வந்தது. கிருமித் தொற்று கூடவில்லை. டெலிரியமும் அதனால் மட்டும் குறைந்துவிடவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லுகிறோம். ஆனால் கொரோனாக் காலத்தில் 14 நாடுகளில் 2,088 நோயாளிகளைக் கவனித்த ஆய்வு 2021இல் வந்தது. குடும்பத்தாரை நேரிலோ போனிலோ கண்டவர்களுக்கு டெலிரியம் குறைவாக இருந்தது. பென்சோடயசெபின் என்ற வகைத் தூக்க மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு அதிகமாக இருந்தது என்று அது கூறுகிறது.

குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. தினம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் ஜன்னி காணும். அது உயிருக்கே ஆபத்து. அதற்கு வைத்தியமும் வேறு. மேலே சொன்ன தூக்க மருந்தே அங்கே தேவைப்படும். ஆகவே டாக்டரிடம் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் பிதற்றும் ஏழையெல்லாம் குடிகாரன் என்று முடிவு கட்ட எவருக்கும் உரிமை கிடையாது!

அப்படியானால் என்னதான் வேண்டும்? இரவில் விளக்கைத் தணித்துத் தூங்க விடவேண்டும். பகலில் கடிகாரம் கண்ணில் படவேண்டும். மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் பையில் போட்டுப் பூட்டாமல் நோயாளிக்கே தரவேண்டும். "இது ஆஸ்பத்திரி, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, உன் மகள் வந்திருக்கிறாள்" என்று ஒருவர் நிதானமாகச் சொல்லவேண்டும். தேவைக்கு மேல் மயக்க மருந்து கூடாது. முடிந்த அன்றே உட்கார வைத்து, நடக்க வைக்கவேண்டும். செயற்கைச் சுவாசத்தில் இருந்த 104 பேரிடம் இதைச் செய்து பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. டெலிரியம் 4 நாளிலிருந்து 2 நாளாகக் குறைந்தது.

இதில் தங்கத்தைக் கரைத்துக் கொடுக்கும் மருந்து எது? ஒன்றுமில்லை. வேண்டியது மனிதக் கை, அதாவது நர்சுகள். ஒரு நர்சு தலையில் பல நோயாளிகளைக் கட்டிவிட்டு, அவர் நின்று பேசவில்லை என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்? தமிழ்நாட்டு சர்க்கார் 2015இல் ஆயிரக்கணக்கான நர்சுகளை ஒப்பந்தத்தில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தந்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடினார்கள். அது அவர்களுடைய வயிற்றுப் போராட்டம் மட்டுமா? கட்டிலில் கிடக்கும் நம்முடைய போராட்டமும் அல்லவா? நர்சு நமக்கு எதிரி அல்ல. கயிற்றை எடுக்கும்படி அவரை விரட்டுவது ஆள் பஞ்சம். ஆளைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் கணக்கு!

ஆகவே சங்கக் கூட்டங்களில் கேளுங்கள்: தீவிர சிகிச்சைப் பிரிவில் போதிய நிரந்தர நர்சுகள் வேண்டும், நோயாளியின் புத்தித் தெளிவைத் தினமும் சோதித்து எழுதவேண்டும், காரணம் எழுதாமல் கையைக் கட்டக்கூடாது, குடும்பத்தில் ஒருவரைக் கட்டிலருகே இருக்க விடவேண்டும், பிழைத்து வந்தவனுக்கு உடம்பும் புத்தியும் தேறும்வரை சம்பளத்தோடு லீவும், தேறியதும் அதே வேலையும் தரவேண்டும்.

அந்தத் தொழிலாளி இன்று கரும்பு வெட்டுகிறார். பூசாரி குணப்படுத்தவில்லை. நோய் தணிந்தது, புத்தி தெளிந்தது. நாலு தோழர்கள் மேஸ்திரி வீட்டுக்குப் போய், "அவர் பைத்தியமல்ல, நோயில் கிடந்து எழுந்தவர்" என்று எடுத்துச் சொன்ன பிறகே கத்தி அவர் கைக்கு வந்தது. கட்டிலில் கட்டப்பட்டிருந்த அதே கைகள்தாம். அவற்றை அவிழ்த்துவிட்டால் போதாது, தோழர்களே! இனி எந்த உழைப்பாளியின் கையும் ஆள் பஞ்சத்துக்காகக் கட்டப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.