சாவி மட்டும் போதாது

தோல் பதனிடத் தாராவிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பத்லாபூர், கர்ஜத் என்று ரயில் போகும் தூரமெல்லாம் குடியேறி வருகிறார்கள். காரணம் வேறென்ன? வாடகைதான். தரகர் 'ஒன் ஆர்.கே.' என்பார், ஒரே அறை, ஓரத்தில் அடுப்படி. அதற்கும் டெபாசிட், முன்வாடகை, தரகு. நகையை அடகு வைத்துக் கட்டுகிறோம். கைக்கு வருவது ஒரு சாவி. காகிதம் ஏதும் வருவதில்லை.

"நம்ம ஊர்க்காரர், வாக்கு மாறமாட்டார்" என்று நம்பிவிடுகிறோம். பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கும் நேரத்தில் "காலி பண்ணு" என்று அதே வாய் சொல்லும்போதுதான் விழிக்கிறோம். டெபாசிட் கொடுத்ததற்கு ஆதாரம் எங்கே? குடியிருந்ததற்கு ஆதாரம் எங்கே? ரேஷன் அட்டையில் முகவரி மாற்றப் போனாலும் இதே கேள்விதான்.

பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்று தரகர்கள் ஓதுகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதியச் சொல்லும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் தாண்டிச் செல்லப் பிறந்த வழக்கம் அது. 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின் முன் அந்த வாதம் நிற்காது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும், பதியும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவில்லாவிட்டால், மாறாக நிரூபிக்கப்படும் வரை, நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே செல்லும். வாடகைக்கு இரசீது தரவேண்டியதும் வீட்டுக்காரரின் கடமை. தகுந்த காரணமின்றித் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தவும் கூடாது.

டெபாசிட் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம். ஆனால் மாதிரி மாதிரிதான். மாநிலம் ஏற்றால்தான் அது சட்டம். அதை ஏற்கச் செய்யக் குரல் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்வோம். அறைகளைக் கட்டி வாடகைக்கு விடுவோரில் நம்மவரும் உண்டு. மற்றவர் செய்தால் அநீதி, நம்மவர் செய்தால் அனுசரிப்பு என்ற இரட்டை நாக்கு நமக்கு வேண்டாம். தமிழ் வீட்டுக்காரர்களே, முதல் ஒப்பந்தத்தை நீங்கள் பதிந்து வழிகாட்டுங்கள்.

குடும்பத் தலைவிகளே, தோழர்களே! பணத்தை எண்ணுமுன் காகிதத்தைக் கேளுங்கள். மராட்டியில் எழுதியிருந்தால் படித்துச் சொல்ல ஆளை வைத்துக்கொண்டு கையெழுத்திடுங்கள். துணை வேண்டுமா? சங்கத்துக்கு வாருங்கள், உடன் வருகிறோம்.